கிளறாத சோறு

அந்தக் காலத்தில், வாலென்சியாவின் ஏரிக்கரை வயல்களில் வாத்துக்கு மனிதர் பேச்சு புரியும், அரிசிக்கு வாயே உண்டு. அரிசிக்குச் சட்டியில் புரளும்போதுதான் பேச்சு வரும். கரண்டி போட்டுக் கிளறக் கிளற, ஊர்வம்பு முழுக்கப் பேசித் தீர்த்துவிட்டுத்தான் வேகும்.

நெலோ என்ற விவசாயியின் வயலில் ஒரு வாத்து கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. "பயிர்ல விழுற புழுவைத் தின்னுக்கோ. உன் மேல ஒரு கை படாது, நான் இருக்கேன்" என்று நாற்று நட்ட அன்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். அதை நம்பி, அவன் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும்.

அறுப்பு நாளில், சொல்லாமல் கொள்ளாமல் மாமனார் பத்தீஸ்து வந்து இறங்கினார். பெண்ணைக் கொடுத்த நாளிலிருந்தே அவருக்கு இந்த மாப்பிள்ளை மேல் இளக்காரம். வீட்டில் அரிசியும் அவரைக்காயும் தவிர ஒன்றுமில்லை. வெறும் சோற்றைப் போட்டால் மனிதர் ஊர் ஊராகச் சொல்லிச் சிரிப்பார். நெலோ வரப்பில் நின்று கூப்பிட்டான். வாத்து வந்தது. பிடித்துக் கழுத்தைத் திருகினான்.

ஆரஞ்சு விறகில் தீ மூட்டி, அகலமான தட்டைச் சட்டியில் கறியை வதக்கி, தண்ணீர் ஊற்றி, இரண்டு இழை குங்குமப்பூவோடு அரிசியைப் போட்டான். ஒரு கிளறு கிளறியதும் அரிசி கேட்டது: "நம்மளைக் காவல் காத்தவளைச் சட்டியில போட்டது யாரு? வாக்குக் கொடுத்தவன் யாரு?"

நல்லவேளை, மாமனார் வாய்க்காலில் கை கழுவிக்கொண்டிருந்தார். நெலோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"கிளறுங்க மாப்பிள்ளை, அடிப்பிடிக்குது" என்றபடி வந்து உட்கார்ந்தார் அவர்.

"கிளறக் கூடாது மாமா. கிளறினா ருசி போயிடும்" என்று வாய் கூசாமல் சொன்னான்.

அடியில் கிடந்த அரிசி புரளவும் முடியாமல், சொல்லவும் முடியாமல் கருகியது. மாமனார் அந்தக் காந்தலைச் சுரண்டி வாயில் போட்டார். "இந்தக் கைமணத்தை இத்தனை நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று ஒரு துண்டை மாப்பிள்ளைக்கும் எடுத்துக் கொடுத்தார். அவர் கையால் கிடைத்த முதல் மரியாதை. நெலோவுக்கு அது எட்டிக்காயாகக் கசந்தது. ஆனாலும் விழுங்கினான்.

மாமனார் போகிற இடமெல்லாம் அந்தச் சோற்றைப் பற்றியே பேசினார். ஊரே கரண்டியைக் கீழே வைத்தது. ஆனால் விருந்துக்கு மறுநாளே நெலோ வரப்பில் நின்று கூப்பிட்டுப் பார்த்திருந்தான். தாயைத் தேடிக்கொண்டிருந்த நான்கு குஞ்சுகளும் அவன் குரல் கேட்டதும் தண்ணீருக்குள் பாய்ந்தன.

அன்று முதல்தான் அந்த நாட்டில் மனிதக் குரல் கேட்டால் வாத்து பறக்கிறது. சட்டிச் சோற்றை யாரும் கிளறுவதில்லை, அடிக்காந்தலுக்கு அடிதடியே நடக்கிறது. அரிசி வாயே திறப்பதில்லை. அதைத்தான் அங்கே பக்குவம் என்கிறார்கள்.