கடமான் விழுந்த பிறகு

“ஆத்தா, இந்த வேட்டைக்கு நான் ஒத்தையாத்தான் போகப் போறேன். ஒரு பய துணைக்கு வரக் கூடாது” என்றான் சோணை.

சடைச்சி தினை புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“சரிண்ணே” என்றாள்.

சோணைக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. வேண்டாம் என்று அவள் தடுப்பாள், தான் முறுக்கிக்கொண்டு நிற்கலாம் என்று நினைத்து விடிந்ததும் விடியாததுமாக மேடேறி வந்திருந்தான்.

துப்பாக்கி அந்த மலைக்கு வராத காலம். வில்லெடுத்த ஆண்கள் எல்லோருக்கும் சடைச்சிதான் குரு. அவள் யாரிடம் கற்றாள் என்று யாருக்கும் தெரியாது. சோணையைவிட வயதில் சின்னவள், ஆனால் வஞ்சகம் இல்லாமல் வளர்ந்த உடம்பு. நாற்பதைத் தாண்டிய பிறகு வெட்கத்தை விட்டு அவளிடம் வந்து சேர்ந்தவன் சோணை. அவள் அவனை அண்ணே என்பாள். அவன் அவளை ஆத்தா என்பான்.

“யாருக்காக வேட்டை?” என்று கேட்டாள்.

“தங்கச்சி மகளுக்கு. தாய்மாமன் சீரு. ஒரு முழுக் கடமானைக் கொண்டுபோய் அந்த வீட்டு வாசல்ல போடணும். ஊரே கூடி நின்னு பாக்கணும். தவசி மூஞ்சி செத்துப்போகணும்.”

தவசி வேறு யாரும் இல்லை, அவன் தங்கை புருஷன். இரண்டு பேரும் எத்தனையோ வருஷம் ஒன்றாகவே காட்டுக்குப் போய் வந்தவர்கள். போன கோடையில் ஒரே கடமானில் இரண்டு பேருடைய அம்பும் நின்றது. எது கொன்ற அம்பு என்று பேச்சு தடித்தது. கொம்பைக் கோயிலில் வைத்துவிட்டார்கள். வேட்டையைத் தொங்கவிட்டுத் தூக்கி வரும் மூங்கில் தடி மட்டும் மிஞ்சியது. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். விட்டுக்கொடுக்க மனசில்லாமல் நடுவில் வெட்டிப் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டு போனார்கள். பச்சைப் பிள்ளைகள்கூட அப்படிச் செய்யாது.

பாதித் தடியால் ஒரு முயலைத்தான் தூக்கலாம். சோணை அதை ஊன்றுகோல் என்று சொல்லிக்கொண்டு ஊருக்குள் நடந்தான்.

இப்போது தவசியின் மகள் வெள்ளத்தாய் வயதுக்கு வந்துவிட்டாள். மாமனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவள் தனியே இருக்க மாமன் கட்ட வேண்டிய பச்சை ஓலைக் குச்சுக் குடிசையை அப்பனே கட்டினான். சேதி காதில் விழுந்த அன்று சோணைக்குச் சோறு இறங்கவில்லை. பிறந்த ஈரம் காயும் முன்னே அவன் கையில் வாங்கிய பிள்ளை அது. சடங்குக்கு நாள் நெருங்கிவிட்டது. மாமன் இல்லாமல் அவளை மணையில் உட்கார வைத்துவிட்டால் அதற்கப்புறம் அந்த வீட்டுப் படியை அவன் மிதிக்கவே முடியாது.

“யோசனை எல்லாம் பண்ணிட்டீங்களா?” என்றாள் சடைச்சி.

இந்தக் கேள்விக்காகத்தான் சோணை காத்திருந்தான். கையிலிருந்த பாதித் தடியின் முனையால் தரையில் மலையைக் கீறினான்.

“ரெண்டு மேடு தாண்டி சேத்துப் பள்ளம். கொம்பன் கடமான் அங்கதான் வந்து புரளுது. காலையில காத்து கீழேருந்து மேல போகும். அதனால நான் மேல் பக்கம் பாறை மறைவுல உக்காந்துக்குவேன். அதுக்கு என் வாடை போகாது.”

“அப்புறம்?”

“நெருப்பு மூட்ட மாட்டேன். வறுத்த தினைமாவும் தேனும் போதும்.”

“அப்புறம்?”

“அது சேத்துல மல்லாந்துட்டு எந்திரிக்கும் பாரு, அப்ப உடம்பு சிலிர்க்கும். அந்த நேரம் அதுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேக்காது. முன்னங்காலுக்குப் பின்னால ஒரே அம்பு.”

சடைச்சி தலையாட்டினாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவ்வளவு நேர்த்தியான யோசனை.

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, கடமான் விழுந்துரும்.”

“அப்புறம்?”

“அப்புறம் கொண்டாந்துருவேன்.”

சடைச்சி முறத்தைச் சுவரில் சாய்த்தாள். சீலையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டாள்.

“வாங்கண்ணே. அந்த இடத்தைக் காட்டுங்க.”

வாசலில் ஒரு கழியில் ஈரச்சீலை காய்ந்துகொண்டிருந்தது. வழியை மறைத்த அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு, வில்லும் பையும் பாதித் தடியுமாகச் சோணை முன்னால் நடந்தான்.

வெயில் ஏறும் நேரத்துக்குச் சேற்றுப் பள்ளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கொம்பன் புரண்ட தடம் ஈரம் மாறாமல் கிடந்தது. சோணை பாறை மறைவில் போய் உட்கார்ந்தான். சடைச்சி பள்ளத்தின் ஓரத்தில் நின்றாள்.

“நான்தான் கடமான். வில்லை வளைங்க” என்றாள்.

“ஆத்தா, விளையாட்டுக்குக்கூட உன் மேல நான்...”

“அம்பு வைக்க வேணாம். வெறும் நாணை விடுங்க.”

விட்டான். நாண் அதிர்ந்தது.

சடைச்சி சாய்ந்து விழுந்தாள்.

சோணை சிரித்தான். அவள் எழவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு சிரிப்பு நின்றது. பாறையிலிருந்து குதித்து ஓடினான்.

“ஆத்தா.”

கண் மூடியிருந்தது. கை தொங்கியது. பாம்பு கீம்பு தீண்டிவிட்டதா என்று காலைப் பார்த்தான். மூக்கருகில் விரலை வைத்தான். மூச்சு வந்தது.

“உங்க கடமான் செத்துப்போச்சுண்ணே. வீட்டுக்குக் கொண்டுபோங்க” என்றாள், கண்ணைத் திறக்காமல்.

அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை.

சோணை கெஞ்சினான். கோபப்பட்டான். கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டு பார்த்தான். ஓர் எறும்பு அவள் கன்னத்தில் ஏறி மூக்கைத் தாண்டி மறுபக்கம் இறங்கியது. அவள் முகத்தில் ஓர் அசைவு இல்லை.

குருவைத் தொட்டுத் தூக்குவதா என்று கூசினான். கும்பிட்டுவிட்டுத்தான் தூக்கினான்.

தோளில் போட்ட பிறகு கூச்சம் போய்விட்டது. கனம் மட்டும்தான் இருந்தது. உயிரோடு இருக்கிற மனுஷி என்றால் கழுத்தைப் பிடித்துக்கொள்வாள், உடம்பை ஒத்துக்கொடுப்பாள். இவள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கம் அவனையும் இழுத்தாள்.

முதல் மேட்டின் பாதியில் தினைமாவுப் பையைக் கழற்றி எறிந்தான். இன்னும் கொஞ்சம் ஏறியதும் அம்புக்கூட்டை எறிந்தான். மேட்டின் உச்சியில் வில்லையே ஒரு புதரில் மாட்டிவிட்டு நடந்தான். பெண்டாட்டியைக்கூடத் தொட விடாத வில் அது. திரும்பிப் பார்க்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

இறக்கத்தில் ஒரு செங்குத்துப் பாறை. கீழிருந்து தாங்க ஓர் ஆள், மேலிருந்து விட ஓர் ஆள் வேண்டும். சோணை அவள் கக்கத்தில் கை கொடுத்து மெதுவாகச் சரித்தான். கால் வழுக்கியது.

“மாப்ளே, அந்தப் பக்கம் பிடி” என்றான்.

சொல்லிவிட்டு விக்கித்துப்போனான். கீழே யாரும் இல்லை. வாயில் பழகிய வார்த்தை, தானாக வந்துவிட்டது. சடைச்சிக்குக் கேட்டிருக்குமோ என்று குனிந்து பார்த்தான். அவள் செத்துப்போனவளாகவே கிடந்தாள். அவமானத்தில் அவனுக்குக் காது சுட்டது. அந்த ஆத்திரத்திலேயே அவளை இறக்கிவிட்டான். அவன் முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது.

ஓடையின் சத்தம் கேட்டதும் தாகம் தாங்கவில்லை. அவளை ஒரு மர நிழலில் படுக்க வைத்துவிட்டு இறங்கி ஓடினான். இரண்டு கை அள்ளிக் குடித்தான். மூன்றாவது கை அள்ளும்போது மேலே சீட்டி கேட்டது.

மனுஷர் அடிக்கும் சீட்டி இல்லை. செந்நாய்.

சோணை மேலே ஓடி வந்தான். அவள் தலைமாட்டில் ஒன்று நின்றது. கால்மாட்டில் ஒன்று. புதருக்குள் எத்தனை என்று தெரியவில்லை. தலைமாட்டில் நின்றது குனிந்து அவள் முடியை முகர்ந்துகொண்டிருந்தது.

“ஆத்தா, எந்திரி. விளையாட்டு போதும், எந்திரி.”

அவள் எழவில்லை. இமைகூட ஆடவில்லை.

வில் இல்லை. அம்பு இல்லை. கையில் இருந்தது பாதித் தடி. அதைச் சுழற்றிக்கொண்டு, என்ன கத்துகிறோம் என்று தெரியாமல் கத்திக்கொண்டு பாய்ந்தான். செந்நாய்கள் கொஞ்ச தூரம் விலகி நின்று அவனைப் பார்த்தன. அவசரம் எதுவும் அவற்றுக்கு இல்லை. ஒத்தை ஆள், எப்படியும் மறுபடி தண்ணீருக்கு இறங்குவான் என்று தெரிந்தாற்போல உட்கார்ந்தன.

சோணை அவளை வாரித் தோளில் போட்டான். அதற்குப் பிறகு அவன் எங்கேயும் இறக்கவில்லை. நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. அழுதுகொண்டே நடந்தான். அழுகிறோம் என்பது உதட்டில் உப்புக் கரித்தபோதுதான் தெரிந்தது.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் அவள் குடிசை வாசலுக்கு வந்து முழங்கால் மடங்கி விழுந்தான்.

சடைச்சி கண்ணைத் திறந்தாள். எழுந்து முடியை அள்ளி முடிந்தாள். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவன் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

“என் கனம் கடமானோட ஒரு தொடைக்குத்தான் வரும். ஒரு தொடை வந்து சேர்ந்துருச்சு. மிச்சத்தை எப்பண்ணே கொண்டாருவீங்க?”

சோணையின் கையிலிருந்து செம்பு நழுவியது.

“ஒத்தையாளா எப்படி ஆத்தா?”

“உங்க மாப்பிள்ளையும் இதையேதான் கேட்டாரு.”

“யாரு?”

“தவசி. போன வாரம் வந்தாரு. மகள் சடங்குக்கு விருந்து வைக்கணுமாம். மச்சான் தயவு இல்லாம ஒத்தையா ஒரு கடமானை அடிச்சுக் கொண்டாரணும்னாரு. யோசனை எல்லாம் பண்ணி வச்சிருந்தாரு. அதே பள்ளம், அதே பாறை.”

சோணை அவளையே வெறித்துப் பார்த்தான். அவன் முதலில் கேட்டது என்ன தெரியுமா?

“அவன் எது வரைக்கும் தூக்குனான்?”

“செங்குத்துப் பாறை வரைக்கும்.”

நான் வீடு வரைக்கும் வந்துவிட்டேனே என்று சோணைக்கு நெஞ்சு ஒரு கணம் நிமிர்ந்தது. அத்தனை அடி வாங்கியும் அது நிமிர்ந்தது.

“அங்க வச்சு என்னைச் சரிச்சாரு. ‘மச்சான், அந்தப் பக்கம் பிடி’ன்னாரு. அப்புறம் கீழ எட்டிப் பாத்தாரு. அதுக்கு மேல என்னைத் தூக்கலை. பாறை மேலேயே உக்காந்துட்டாரு.”

சோணை கையை ஊன்றி எழுந்தான்.

“ஆத்தா, அந்த எடத்துல நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?”

“செத்த கடமானுக்கு எப்படிண்ணே கேக்கும்?”

சடைச்சி வாசலுக்குப் போய்க் காய்ந்த சீலையை உருவி மடித்தாள். கழி வெறுமையாகக் கிடந்தது. ஒரு முனை தேய்ந்து பளபளத்தது. மறுமுனை சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது.

பாறையில் பதிந்த குளம்பைக்கூடக் கண்டுபிடிக்கிறவன் என்று ஊரில் பெயர் வாங்கியவன் சோணை. காலையில் அதில் தொங்கிய சீலையை இடது கையால் ஒதுக்கித் தள்ளிவிட்டுத்தான் போயிருந்தான்.

“விட்டுட்டுப் போயிட்டாரு. எனக்குச் சீலை காயப்போட ஆச்சு” என்றாள் சடைச்சி.

சோணை தன் பாதியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். தேய்ந்த முனை தவசியின் தோள் பட்ட முனை. எந்தக் கணுவில் அவன் பிடிப்பான் என்றுகூட இவனுக்குத் தெரியும். வில் தூரத்து மேட்டின் உச்சியில் புதரில் தொங்கியது. கீழே ஊரில் விளக்கேற்றத் தொடங்கியிருந்தார்கள்.

இரண்டு பாதிகளையும் சேர்த்துத் தோளில் வைத்தான்.

“அண்ணே, அப்ப என் சீலைக்கு?” என்றாள் சடைச்சி.

சோணை பாதையில் இறங்கிவிட்டிருந்தான். திரும்பாமலே சொன்னான்.

“நாளைக்கு நானும் தவசியும் வந்து வேற கழி கட்டித் தர்றோம் ஆத்தா.”

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது.