பூச்சு உதிர்ந்த வயிறு

மரங்களும் மனித உறுப்புகளும் வாய்திறந்து பேசிய அந்தக் காலத்தில், ஆற்றோர ஊர் ஒன்றில் காத்தாயி என்பவள் நடவுக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கிவந்தாள். அவள் முதல் நாற்றை ஊன்றாமல் வேறு எவளும் சேற்றில் குனியமாட்டாள். ஓர் ஆண்டு நடவு நெருங்கியபோது அவளது இரு முழங்கால்களும் பனங்காய் போல வீங்கிவிட்டன.

"வரப்புலயே உக்காருங்க, அண்ணி. பாட்டை மட்டும் எடுத்து விடுங்க. குனியுறதுக்கு நாங்க இருக்கோம்," என்றாள் நாத்தனார் அஞ்சலை.

காத்தாயிக்கு அந்தப் பரிவே ஏச்சாகப் பட்டது. தலைமை கைமாறுவதைவிடச் சாவது மேல் என்று எண்ணியவளாய், காலை இழுத்து இழுத்து ஆற்றங்கரைக்குப் போய், ஆற்றுப்பாலை மரத்திடம் பட்டை கேட்டாள்.

மரம் உடனே கொடுக்கவில்லை. "உன் உடம்புக்குள் ஒரு காவலாள் இருக்கிறான். கேடு கண்ட இடத்தில் கூவி, இரத்தத்தைக் கூட்டி, அனல் மூட்டுவது அவன் வேலை. உன் முழங்காலில் இப்போது கூவுகிறவன் அவன்தான். என் சாறு அவன் வாயைக் கட்டும்."

"கட்டட்டும். அதுக்குத்தானே வந்தேன்."

"முழுவதும் கேள். வயிற்றின் புளிப்பு வயிற்றையே அரிக்காதபடி, உட்சுவருக்குப் பூச்சிட வைப்பவனும் அவனே. முழங்காலில் மட்டும் கட்டு என்றால் என் சாற்றுக்குப் புரியாது. ஆகவே சோறு உண்டபின் குடி. கொஞ்சமாகக் குடி. சில நாளில் நிறுத்திவிடு."

"கஷாயத்தை வெறும் வயித்துலதான் குடிக்கணும்னு எங்க ஊர்ப் பச்சைப்புள்ளைக்குக்கூடத் தெரியும். மரத்துக்கு யாரு வைத்தியம் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டு, பட்டையை உரித்துக்கொண்டு திரும்பினாள்.

விடியலில் வெறும் வயிற்றில் குடித்தாள். வீக்கம் வடிந்தது. சேற்றில் இறங்கி அவளே முதல் நாற்றை ஊன்ற, அஞ்சலை அவளுக்குப் பின்னால் குனிந்தாள். நாளுக்கு நாள் குவளை பெரிதாயிற்று.

ஒரு காலையில் வயிறு பேசியது. "காத்தாயி, பூச்சு உதிர்ந்துவிட்டது. எரிகிறது. இரண்டு கவளமாவது போட்டுவிட்டு அதைக் குடி."

"நடவு முடியட்டும். அப்புறம் உன் பொலம்பலைக் கேக்குறேன்."

கடைசி வயலில் பாதி நட்டிருந்தபோது அவள் கறுப்பாக இரத்தம் கக்கினாள். அஞ்சலை ஓடிவந்து தாங்கிக்கொண்டு, "என்ன பண்ணுது, அண்ணி?" என்றாள்.

"காலு வலிக்கலடி," என்றாள் காத்தாயி. அதுவே அவளது கடைசிச் சொல். மிச்ச வயலை மற்றவர்கள் பாட்டில்லாமல் நட்டார்கள்.

ஆண்டுகள் சென்று அஞ்சலையின் முழங்காலும் வீங்கியது. அவளும் அதே மரத்திடம் போனாள்; அது சொன்னபடி முதலில் சோறு உண்டாள்; பிறகே பட்டைநீரை, அதுவும் அளவாக, வாயில் வைத்தாள். அன்று தொடங்கியதுதான், மூட்டுவலி மருந்து சோற்றுக்குப் பின்னால் உள்ளே போவதும், சோறு உண்ட பிறகும் வயிறு அதை முழுதாக நம்பாமலிருப்பதும்.