இன்னொரு முயல்

"முயல் சாப்பிட மாட்டேங்குதுங்க தாயி."

நாச்சிமுத்து வாசலில் நின்றபடியே சொன்னார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

தாயி சாணி வாரிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எப்ப இருந்து?"

"நேத்துக் காலையில இருந்துங்க."

"இன்னொண்ணு?"

"அது செத்துப்போச்சுங்க. நேத்து."

தாயி கூடையைக் கீழே வைத்தாள்.

தாயி என்றதும் நரைத்த தலையும் காவித் துணியும் உங்கள் கண்ணுக்கு வந்திருக்கும். அதெல்லாம் இல்லை. வயது முப்பத்தெட்டு. மாட்டாஸ்பத்திரியில் பத்து வருசம் வேலை பார்த்தவள். இப்போது கோயமுத்தூருக்கு வெளியே ஓர் ஓட்டு வீட்டில், யாருக்கும் வேண்டாத ஆடு, மாடு, நாய்களோடு இருக்கிறாள். உபதேசம் கிடையாது, பஜனை கிடையாது. அப்படியும் ஆட்கள் தேடி வருகிறார்கள். வந்தால் வேலை வாங்குவாள். கேள்வி கேட்டால் திருப்பிக் கேள்வி கேட்பாள். எரிச்சலாகத்தான் இருக்கும்.

நாச்சிமுத்து அவளைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். பம்புசெட் கம்பெனியில் ஃபோர்மேன். ஒரே பையன், இளம்பரிதி. காலேஜில் இரண்டாம் வருசம் படித்தான். பதினோரு மாசத்துக்கு முன்னால் பைபாசில் லாரி அடித்துச் செத்துப்போனான்.

அதற்கப்புறம்தான் தாயியிடம் வர ஆரம்பித்தார்.

முதல் நாள் வந்தபோது கேட்டது இதுதான்.

"என்னை விடுங்க தாயி. என்ற சம்சாரம் சோறு திங்கறதில்லைங்க. ரோட்டுல பைக் சத்தம் கேட்டாப் போதும், கேட்டுக்கு ஓடறா. சாயங்காலமானா அவனுக்கும் சேர்த்துக் காப்பி கலக்கறா. இப்படியே போனா அவளும் போயிருவாங்க. ஏதாச்சும் ஒரு வழி சொல்லுங்க."

தாயி உள்ளே போனாள். ஒரு கூடையோடு வந்தாள். கூடைக்குள் இரண்டு முயல்கள்.

"ஒண்ணு போதுங்களே."

"ஒத்தையில அது இருக்காது."

"சரிங்க. எப்படி வெச்சுக்கோணும்?"

"நீங்க முயலா இருந்தா எங்க ஒளிஞ்சுக்குவீங்க?"

அவ்வளவுதான் பதில். மனுசன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு போய்ச் சேர்ந்தார்.

அளந்து செய்கிற கை சும்மா இருக்குமா? பையனுடைய அறையில் ஆறடிக்கு எட்டடி அடைத்தார். கம்பிவலையைத் தானே வெல்டிங் வைத்தார். ஒளிந்துகொள்ள மரப்பெட்டி ஒன்று செய்தார்.

அடுத்த வாரம் வந்து பெருமையாகச் சொன்னார்.

"பெட்டிக்கு எத்தனை வாசல்?" என்று தாயி கேட்டாள்.

"ஒண்ணுங்க."

"அந்த வாசல்ல பூனை வந்து நின்னா?"

இரண்டாவது வாசல் அறுத்தார்.

"டைல்ஸ் தரையில அதுக்குக் கால் நிக்குமா?"

சணல் பாய் விரித்தார்.

"ஒயரைக் கடிக்குதுங்க தாயி. பாயைக் கடிக்குது. பெட்டியையுங்கூடக் கடிக்குது."

"கடிக்க வேற என்ன குடுத்தீங்க?"

கொய்யாக் கிளை வெட்டிப் போட்டார். மூலையில் ஒரு தட்டில் வைக்கோல் பரப்பினார், அது அதுகளுக்குக் கக்கூஸ். காய்ந்த புல் எந்நேரமும் இருக்கும்படி ஒரு தொட்டி செய்தார். தட்டினால் கவிழாத மண்சட்டியில் தண்ணீர்.

"எல்லாம் ஆச்சுங்க. இனி ஒண்ணுங் குறையில்லைங்க."

"பகலெல்லாம் அதுக என்ன பண்ணும்?"

நாச்சிமுத்து யோசித்தார். அட்டைக் குழாய்களுக்குள் புல்லையும் கொத்தமல்லியையும் திணித்து அங்கங்கே மறைத்து வைத்தார். அதுகள் தேடித் தேடி இழுத்துத் தின்றன. குழாய்க்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தன. திடீரென்று அந்தரத்தில் ஒரு துள்ளு துள்ளின.

அவர் சம்சாரம் தமயந்தி கம்பிக்கு வெளியே வந்து உட்கார்ந்தாள்.

பையன் போனதிலிருந்து அவள் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. இப்போது கொத்தமல்லியை ஆய்ந்து ஆய்ந்து கொடுத்தாள். முயல்கள் தின்னும்போது அவளும் தட்டில் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து தின்றாள். நாலு வாய்தான். நாலு வாய் என்றாலும் சோறு சோறுதானே.

"அதுக தின்னா அவளும் திங்கறாங்க தாயி," என்று நாச்சிமுத்து தாயியிடம் வந்து சொன்னார்.

இப்போது அதில் ஒன்று செத்துப்போயிருந்தது.

"டாக்டர்ட்ட காமிச்சீங்களா?"

"காமிச்சேனுங்க. செத்ததைப் பத்திச் சொன்னேன், வயசாயிருச்சு, இருதயம் நின்னிருக்கும்னாரு. இதுக்கு நோய் ஒண்ணுமில்லீங்களாம். ஊசி போட்டாரு. ஆனா முயலுக்கு வயிறு நின்னா அவ்வளவுதானாம். இன்னிக்குப் பொழுதுக்குள்ள வாயில ஏதாச்சும் வெக்கலைன்னா நாளைக்கு இருக்காதுன்னுட்டாரு."

"அக்கா என்ன சொல்றாங்க?"

"அவளும் நேத்துல இருந்து சாப்பிடலீங்க."

தாயி கையைக் கழுவினாள்.

"வாங்க போலாம்."

தாயி யார் வீட்டுக்கும் போனதில்லை. நாச்சிமுத்து ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார்.

வீட்டில் தமயந்தி சமையல்கட்டில் இருந்தாள். வந்தவளைப் பார்த்து "வாங்க" என்றாள். அந்தக் குரலில் உயிரே இல்லை. மறுபடி அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அறை பளிச்சென்று இருந்தது. பினாயில் வாசனை மூக்கைத் தாக்கியது. பாய் புதுசு, வைக்கோல் புதுசு, பெட்டியைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்.

முயல் பெட்டிக்குள் இல்லை. கம்பியோரமாகவே போய்க்கொண்டிருந்தது. ஒரு சுற்று. நிற்கும், மூக்கைத் தூக்கும். மறுபடி ஒரு சுற்று. புல்லைத் தாண்டிப் போயிற்று, கொத்தமல்லியைத் தாண்டிப் போயிற்று.

"நேத்துல இருந்து இதே வேலைங்க," என்றார் நாச்சிமுத்து.

தாயி கம்பிக்குள் நுழைந்தாள். பாயில் குப்புறப் படுத்து, தாடையைத் தரையில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். முயல் அவளையும் சுற்றிக்கொண்டு போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள்.

"நல்லாக் கட்டியிருக்கீங்க அண்ணா. ஒரு குறையும் இல்லை."

"அப்பறம் ஏனுங்க?"

"செத்தது எங்க?"

நாச்சிமுத்து சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பொறத்தால கருவேப்பிலை மரத்தடியில புதைச்சுட்டேனுங்க. பாலு வாங்கறதுக்கு எந்திரிச்சேன், விறைச்சுக் கெடந்துச்சு. இது பெட்டிக்குள்ள தூங்கிட்டிருந்துச்சு. இது முழிக்கறதுக்குள்ள, அவளும் எந்திரிக்கறதுக்குள்ள, எடுத்து முடிச்சுட்டேன். எல்லாத்தையும் கழுவி உட்டுட்டேன்."

"அக்காவுக்கு என்ன சொன்னீங்க?"

"ஒடம்புக்கு முடியலை, டாக்டர்கிட்ட உட்டிருக்கேன்னு."

"இதுக்கு?"

"எதுக்குங்க?"

தாயி சுற்றிக்கொண்டிருந்த முயலைக் காட்டினாள்.

நாச்சிமுத்து முயலைப் பார்த்தார்.

"கடப்பாரை இருக்குதா?" என்றாள் தாயி.

"தாயி, வேண்டாமுங்க. அவ பாத்தாத் தாங்க மாட்டா."

"அப்படின்னு ஆரு சொன்னா?"

"நாந்தானுங்க சொல்றேன்."

தாயி பின்கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

கருவேப்பிலை மரத்தடியில் மண் இன்னும் பொலபொலவென்றுதான் இருந்தது. கடப்பாரை தேவைப்படவில்லை. நாச்சிமுத்து களைக்கொத்தால் மண்ணை வாரினார். தாயி எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"பையனை வீட்டுக்குக் கொண்டாந்தீங்களா?"

கொத்து நின்றது.

"இல்லீங்க."

"எங்க கொண்டு போனீங்க?"

"ஜி.எச்.ல அறுத்து, துணியைச் சுத்திக் குடுத்தாங்க. பங்காளியெல்லாம் வந்திருந்தாங்க. அங்கிருந்து நேரா கரண்டு சுடுகாட்டுக்குக் கொண்டு போயிட்டோம். பொம்பளைங்கதான் சுடுகாட்டுக்கு வர மாட்டாங்களே. அவ வீட்டுவாசல்ல ஒக்காந்திருந்தா, கொண்டு வருவாங்கன்னு. நாந்தான் வேண்டாம்னேன். தாங்க மாட்டான்னு..." மூச்சு வாங்கினார். "அவ சாயங்காலம் வரைக்கும் அங்கயே ஒக்காந்திருந்தாளாமுங்க."

தாயி குழியோரத்து மண்ணைக் கையால் ஒதுக்கினாள்.

"பொழுது சாய நான் குளிச்சுட்டு வீட்டுக்கு வந்தேன். எப்படி இருந்தான்னு கேட்டா. தூங்கற மாதிரி இருந்தான்னு சொல்லிட்டேன்."

"தோண்டுங்க."

அவர் தோண்டினார்.

துண்டு வந்தது. நாச்சிமுத்து அதைப் பிரித்தார். கண்ணில் எறும்பு மொய்த்திருந்தது. வெள்ளை முயல், மண் நிறத்தில் இருந்தது.

"கொஞ்சம் தண்ணி ஊத்திக் கழுவிக்கட்டுங்களா?"

"கழுவுனது போதும்."

"துண்டையாச்சும் மூடி..."

"அண்ணா."

அவர் முயலை அப்படியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தார். சமையல்கட்டைத் தாண்டித்தான் போயாக வேண்டும். தமயந்தி கரண்டியோடு வாசற்படியில் நின்றாள்.

அவர் கையைப் பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட இருக்குன்னீங்க."

நாச்சிமுத்து நிற்கவில்லை.

முயலைப் பாயின் நடுவில் கிடத்தினார். வெளியே வந்தார். தாயி கம்பிக் கதவைச் சாத்தினாள்.

சுற்றிக்கொண்டிருந்தது நின்றது.

மூக்கு வேகமாக ஆடியது. ஓர் அடி வந்தது. பின்வாங்கியது. மறுபடி வந்தது. செத்ததின் முகத்தை முட்டியது. எழுந்திரு என்பது மாதிரி முட்டியது. பல்லால் காதைப் பிடித்து இழுத்தது. பின்னங்காலால் தரையை ஓங்கி ஓர் அடி அடித்தது.

அப்புறம் அது நக்க ஆரம்பித்தது. நெற்றியை நக்கிற்று. கண்ணிலிருந்த எறும்பை நக்கிற்று. காதுகளை ஒவ்வொன்றாக, மண் போகிற வரைக்கும் நக்கிற்று.

தமயந்தி வந்து தரையில் உட்கார்ந்தாள். அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தது. தாயி போய் அணைத்துவிட்டு வந்தாள்.

நக்கி முடித்து, அது செத்ததின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. சன்னல் வெயில் சுவரில் ஏறிற்று. ஒரு மணி நேரம் இருக்கும், கூடவும் இருக்கலாம்.

பிறகு எழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. புல் தொட்டிக்குப் போயிற்று. ஒரு புல்லை இழுத்தது. மென்றது. இன்னொன்றை இழுத்தது.

"திங்குதுங்க தாயி! திங்குது!" நாச்சிமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணீர் தாரையாக ஓடிற்று. "பொழைச்சுக்கும். தமயந்தி, பாரு, பொழைச்சுக்குச்சு."

தமயந்தி முயலைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அவன் எப்படி இருந்தான்?"

"ஆரு?"

"என்ற பையன்."

"அதான் அன்னிக்கே சொன்னேனே... தூங்கற..."

"எப்படி இருந்தான்?"

நாச்சிமுத்து தாயியைத் திரும்பிப் பார்த்தார். தாயி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்களைத்தானே கேக்கறாங்க," என்றாள். போய்விட்டாள்.

நாச்சிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தமயந்தி காத்திருந்தாள்.

"வலது பக்கம் மூஞ்சியே இல்ல, தமயந்தி."

அவள் அழவில்லை.

"இடது பக்கம்?"

"இடது பக்கம் நம்ம பையந்தான்."