இஞ்சாரும்

“மெதுவா மாஸ்டர், மா எங்கையும் ஓடிப்போகாது” என்றாள் தவமலர்.

சிவபாதம் கையை எடுத்தார். தட்டிய மா நடுவில் கிழிந்திருந்தது.

ஊரில் அவர் தமிழ் வாத்தியார். யாழ்ப்பாணத்தில் வாத்தியாரை மாஸ்டர் என்பார்கள். சிசிலித் தீவுக்கு வந்து, பலெர்மோ நகரத்துக் கடையொன்றில் தன்னைவிட மிக இளையவளான தவமலரிடம் பீட்சா தட்டப் பழகும்போதும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. குருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டாள்.

நாளைக்கு அவருடைய மனைவி வருகிறாள். பிரிந்திருந்த காலத்தில் இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. வந்ததும் தன் கையால் ஒரு பீட்சா சுட்டுக் கொடுக்க வேண்டும். இத்தனை காலம் கழித்துக் கொடுக்கும் முதல் சாப்பாடு, அது பொய்யாகப் போய்விடக் கூடாது. சில நாட்களாக அவருக்கு இதே யோசனைதான்.

ஆனால் எது உண்மையான பீட்சா என்பதில் இரண்டு பேர் ஒத்துப்போகக் காணோம். அடுப்பில் நின்ற சால்வத்தோரே நாப்போலி நகரத்தான். நடு மெல்லிசாக, விளிம்பு உப்பி, கண்மூடித் திறப்பதற்குள் வெந்து வருவதுதான் பீட்சா என்பான். பலெர்மோவில் பஞ்சுபோலத் தடிப்பாகச் சுட்டு, வெங்காயமும் பாண் என்கிற ரொட்டியின் தூளும் போடுவதைக் கண்டால், பசித்தவனுக்குப் பாண் நல்லதுதானே என்று சிரிப்பான். பலெர்மோக்காரர்களோ அவனுடையதை ஈரத்தில் விட்ட அப்பளம் என்றார்கள். ரோமாபுரியில் நீளத் தட்டில் சுட்டு, கத்தரிக்கோலால் வெட்டி, நிறுத்து விற்பார்களாம். அந்தப் பேச்சை எடுத்தால் இரு கட்சியும் ஒன்றாகிவிடும்.

பெயரைப் பிடித்தால் பொருள் அகப்படும் என்று சிவபாதம் அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தார். கிரேக்கச் சொல் என்றார்கள். லத்தீன் என்றார்கள். ஒருநாள் குளித்துக்கொண்டிருக்கும்போது அவருக்கே வெளித்தது. பிசை. பிசைந்ததால் பிசா. தலை துவட்டாமல் கடைக்கு வந்து சொன்னார். சால்வத்தோரே பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் நாப்போலியும் உங்களுடையதுதானா, வாடகை ஏதும் தர வேண்டுமா என்றான். அத்தோடு சொல்லாராய்ச்சி நின்றது.

பின்னேரம் கடை ஓய்ந்ததும் அவர் தவமலரிடம் போனார்.

“பிள்ளை, ஊருக்கொரு மாதிரிச் சுடுகினம். பேர் எங்கையிருந்து வந்ததெண்டும் தெரியேல்லை. நான் அவவுக்கு எதைக் குடுக்கிறது?”

தவமலர் மேசையில் ஒட்டிய மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கான்ரை பேரென்ன?”

“நாகபூசணி.”

“அப்பிடித்தான் கூப்பிடுவியளோ?”

அவருக்குக் கூச்சமாக இருந்தது. தாலி கட்டிய நாளிலிருந்து மனைவியை அவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவர்கள் ஊரில் யார்தான் அழைத்தார்கள்.

“இஞ்சாரும் எண்டுவன்.”

இங்கே பாரும் என்பதுதான் ஊர் வாயில் அப்படித் தேய்ந்திருந்தது.

“எங்கடை அப்பாவும் அம்மாவை அப்பிடித்தான்” என்றாள் தவமலர். “பக்கத்து வீட்டு மாமாவும் மாமியை அப்பிடித்தான்.”

“ஓம். எல்லாரும்தான்.”

“அப்ப தேர்த்திருவிழாச் சனத்துக்குள்ளை நிண்டு நீங்கள் இஞ்சாரும் எண்டால் ஆர் திரும்பிப் பாப்பினம்?”

சிவபாதம் மனதால் அந்தச் சனத்துக்குள் போய் நின்றார். கோயில் வீதி, வெயில், மேளம், ஒன்றோடொன்று இடிபடும் தோள்கள். அத்தனை தலைகளுக்கும் அப்பால் ஒரு தலை திரும்பியது.

“அவ மட்டும்தான்” என்றார்.

தவமலர் சுரண்டிய மாவைக் கையில் திரட்டிக்கொண்டாள்.

“பிறகென்ன மாஸ்டர். அவ திரும்பிப் பாக்கிற மாதிரி ஒண்டைச் சுடுங்கோ.”

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். சிவபாதம் நாளைக்கென்று எல்லாம் எடுத்து வைத்திருந்தார். வெங்காயம், பாண்தூள், பாற்கட்டி, உப்பிட்ட நெத்தலி மீன் போத்தல். நெத்தலி போடாததைப் பலெர்மோவில் ஒருவரும் தங்களுடையது என்று ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

நாளை வெள்ளிக்கிழமை. நாகபூசணி வெள்ளிகளில் மீன் தொடமாட்டாள்.

அவர் அந்தப் போத்தலை எடுத்து, மேல்தட்டில் பின்னுக்குத் தள்ளி வைத்தார்.