கணக்கில் சேராத உடம்பு

டாக்டர் செல்லக்கனி வார்டைச் சுற்றிவர ஆரம்பித்தால் கடைசிக் கட்டிலிலிருந்துதான் ஆரம்பிப்பார். அந்த அரசு மருத்துவமனையின் மற்ற யூனிட்டுகளில் இந்த வழக்கம் கிடையாது. அங்கெல்லாம் ஆபரேஷன் செய்து ஆறிய வயிறு வாசல் பக்கம், ஆறாத வயிறு கக்கூஸ் பக்கம். பெரிய டாக்டர் அங்கே வந்து சேர்வதற்குள் அவருக்கு டீ வந்துவிடும். செல்லக்கனி மேடம் நேரே கக்கூஸ் பக்கம் போவார். சீழ் பிடித்தவர், தையல் விட்டவர், காய்ச்சல் இறங்காதவர், இவர்களைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பார்.

"நல்லா இருக்கவங்களுக்கு நாம எதுக்கு?" என்பார்.

அவரிடம் அறுவை சிகிச்சை மேற்படிப்புப் படித்த சுடலைமுத்து ஒன்றும் இளவட்டம் அல்ல. மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலும் பிரசவமும் பார்த்துப் பார்த்து, காதோரம் நரைத்த பிறகு கத்தி பிடிக்க வந்தவர். யூனிட் தலைவரான சீஃப் செல்லக்கனியைவிட ஏழெட்டு வயதுதான் குறைவு. ஆனாலும் சீஃப் மேல் அவருக்கு இருந்தது பக்தி. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியாது.

படிப்பு முடிய அவர் ஓர் ஆய்வு எழுத வேண்டியிருந்தது. மருத்துவமனையின் எல்லா யூனிட்டிலும் வயிற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் யாருக்கு என்ன சிக்கல் வந்தது என்று பார்க்கும் ஆய்வு. வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், கிட்னி பழுதானவர்கள், குடித்து ஈரல் கெட்டவர்கள் என்று வகை பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவமனைத் தலைவரான டீனும் அதற்காகத்தான் காத்திருந்தார். ஆபரேஷன் தியேட்டர் யாருக்கும் போதவில்லை. எந்த யூனிட்டில் சிக்கல் அதிகமோ அந்த யூனிட்டின் தியேட்டர் நாட்களைப் பிடுங்கி மற்றவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்பது அவர் ஏற்பாடு.

சுடலைமுத்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார். சிக்கல் அதிகம் செல்லக்கனியின் யூனிட்டில்தான்.

ஏன் என்று அவருக்குத் தெரியும். கிட்னி போனவர்களுக்கும் ஈரல் போனவர்களுக்கும் மற்ற இடங்களில் "உடம்பு தாங்காது, மதுரைக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிடுவார்கள். மதுரை வரை தாங்கும் உடம்பாக இருந்தால் ஆபரேஷனையும் தாங்காதா என்று யாரும் கேட்பதில்லை. அப்படிக் கைவிடப்பட்டவர்கள் எல்லாம் கடைசியில் செல்லக்கனியிடம் வருவார்கள். அவர் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

சுடலைமுத்து யோசித்தார். பிறகு ஆய்வின் தொடக்கத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தார். கிட்னியோ ஈரலோ பழுதானவர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. மறுபடி கூட்டினார். செல்லக்கனியின் யூனிட் முதலிடத்தில் வந்து நின்றது.

சந்தோஷம் தாங்காமல் சீஃபின் அறைக்கு ஓடினார்.

செல்லக்கனி பொறுமையாகப் படித்தார்.

"இந்த வரி எங்கிருந்து வந்துச்சு?"

"எல்லா ஆய்விலயும் உள்ளதுதான் சீஃப். தப்பே கிடையாது. இவங்களைச் சேர்த்தா கணக்கு குழம்பும்."

"யாரு குழம்புவா?"

சுடலைமுத்து அந்த வரியை மறுபடி படித்தார்.

"நீங்க விட்டவங்கள்ல இப்ப நம்ம வார்டுல யாராவது கிடக்காங்களா?"

"இருக்காங்க சீஃப்."

"போய் அவங்ககிட்டச் சொல்லிட்டு வாங்க. உங்களைக் கணக்குல சேர்க்கலைன்னு."

விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று சுடலைமுத்து முகத்தைப் பார்த்தார். செல்லக்கனி காகிதங்களை அவர் கையில் திணித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

வார்டில் ஈரல் கெட்ட ஒருவர் நல்ல தூக்கத்தில் இருந்தார். எழுப்ப வேண்டாம் என்று சுடலைமுத்து நிம்மதியாக அவரைக் கடந்து போனார். அடுத்தது இசக்கியம்மாள். பீடி சுற்றுகிறவள். கிட்னி இரண்டும் போய் டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருந்த உடம்பில் குடலும் முறுக்கிக்கொண்டது. இரண்டு ஆஸ்பத்திரி துரத்தி, இங்கே வந்து சேர்ந்தாள். ஆபரேஷன் முடிந்து ஒரு வாரத்தில் தையல் விட்டு, வயிறு திறந்துகொண்டு, மறுபடி தைக்க வேண்டியதாயிற்று. இப்போது வயிற்றைச் சுற்றி அகலமாகத் துணிப்பட்டை கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"யம்மா, ஆபரேஷன் பண்ணினவங்களைப் பத்தி நான் ஒரு ஆராய்ச்சி எழுதுதேன். அதுல உங்களைச் சேர்க்கல."

"ஏன்?"

"உங்களுக்குக் கிட்னி சரியில்லல்லா. அதான்."

இசக்கியம்மாள் வயிற்றுப் பட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"ஆபரேஷன் எனக்குப் பண்ணுனீயளா இல்லையா?"

"பண்ணினோம்."

"தையல் விட்டது எனக்கா, பக்கத்துக் கட்டில்காரிக்கா?"

"உங்களுக்குத்தான்."

"பொறவு எப்படி நான் இல்லைன்னு எழுதுதீய? நான் என்ன செத்தா போயிட்டேன்? செத்தவங்களைக்கூட எழுதி வப்பாங்கல்லா."

அவளே தொடர்ந்தாள்.

"பீடிக் கடையிலயும் இப்படித்தான். நாங்க சுத்துன பீடியில கொஞ்சத்தை ஆகாதுன்னு முதலாளி ஒதுக்குவான். ஒதுக்குன பீடியைத் திருப்பித் தாடான்னா தர மாட்டான். அதையும் வித்துத்தான் திங்கான். கூலிக் கணக்குல மட்டும் அது கிடையாது."

சுடலைமுத்து மற்றவர்களிடம் போகவில்லை. அந்த ஒரு வரியை அடித்தார். விட்ட பேர்களை எல்லாம் திரும்பக் கொண்டுவந்து, அவரவர் வகையில் தனித்தனியாக வைத்தார். வகை பிரித்துப் பார்த்தால் யார் எவ்வளவு நோயோடு வந்தார் என்று கண்ணுள்ளவர்களுக்குத் தெரியத்தானே செய்யும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். பாவம், கூட்டங்களில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள் குறைவு என்பது அவருக்கு இன்னும் தெரியவில்லை.

மறுநாள் டீன் அறையில் எல்லா சீஃப்களும் கூடினார்கள். சுடலைமுத்து வகைவகையாகச் சொல்லி முடித்தார். இரண்டாம் யூனிட்டின் டாக்டர் வைகுண்டராமன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சிக்கல் வந்தா நோயாளி உடம்பு சரியில்ல, நல்லா வந்தா நம்ம கை ராசி. ஏன் சுடலைமுத்து, இதுக்கு ஒரு ஆராய்ச்சி வேணுமா?"

யாரோ சிரித்தார்கள். சுடலைமுத்து காகிதங்களை அடுக்கினார்.

டீன் பொல்லாதவர் இல்லை. செல்லக்கனி மேல் அவருக்கு மரியாதை உண்டு. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மேடம், மேலிடத்துல வகையெல்லாம் பாக்க மாட்டாங்க. கடைசி வரியைத்தான் பாப்பாங்க. அந்தக் கிட்னி, ஈரல் கேஸை மட்டும் எடுத்திடச் சொல்லுங்க. உங்க நாள்ல நான் கை வைக்க மாட்டேன். நீங்க அவங்களுக்குப் பண்ணிக்கிட்டே இருங்க. யாரு வேண்டாங்கா?"

சுடலைமுத்து ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஒரு 'சரி' போதும். அவர் சீஃபின் பக்கம் திரும்பினார். எல்லார் முன்னாலும் கெஞ்சக்கூடாது என்று நினைத்தும் கெஞ்சத்தான் செய்தார்.

"சீஃப், சரின்னு சொல்லிருங்க."

செல்லக்கனி டீனைப் பார்க்கவில்லை. மாணவரைத்தான் பார்த்தார்.

"இசக்கியம்மாளுக்கு வயிறு ஏன் திறந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க?"

"கிட்னி கெட்டதால சீஃப். காயம் ஆறல."

"ஆபரேஷன் அன்னைக்கு எனக்கு நல்ல அசதி. தையலை வெட்டின ஓரத்தை ஒட்டிப் போட்டேன். தள்ளிப் போட்டிருக்கணும். உங்களுக்கு நான் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். அந்தத் தையல் நல்ல கிட்னி உள்ளவங்களுக்கும் விட்டிருக்கும்."

வைகுண்டராமன் சாய்ந்த நிலையிலிருந்து நிமிர்ந்தார்.

"இசக்கியம்மாள்கிட்ட வயிறு திறந்த அன்னைக்கே சொல்லிட்டேன். நான் தைக்கும்போது நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்க. கேப்பீங்கன்னு இருந்தேன். கிட்னி போனவங்கன்னதும் என் கையைப் பத்தி உங்களுக்குக் கேக்கவே தோணல."

சுடலைமுத்து பேனாவை எடுத்தார்.

"கேட்டிருக்கணும் சீஃப். தப்புத்தான்" என்றார். "அதையும் எழுதிருதேன். ஆனா இவங்களைச் சேர்த்தா தியேட்டர் போயிருமே. பொறவு இவங்களுக்கு யாரு ஆபரேஷன் பண்ணுவா?"

"தியேட்டரைப் பிடுங்கட்டும். வாசல்ல உக்காந்து சண்டை போட்டு வாங்குவோம். இவங்களைக் கணக்குல இருந்து எடுத்துட்டா, அப்புறம் யாரு வேணும்னாலும் இவங்களுக்கு ஆபரேஷன் பண்ணலாம் சுடலைமுத்து. எப்படி வேணும்னாலும் பண்ணலாம், கேக்க ஆளிருக்காது. நானும்தான்."