மார்லீனின் இடது கண்

இந்தக் கதையில் கிழமைகளைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். முடிவில் நான் கேட்கப்போகும் கேள்விக்கு அவைதான் துணை.

அமெரிக்காவில், பனி அதிகம் பெய்யும் ஒரு சிறுநகரத்து மருத்துவமனை. அதன் அவசர சிகிச்சைப் பிரிவில் மேற்பயிற்சிக்கு இடம் வேண்டி இரண்டு மாணவர்கள் வந்திருந்தார்கள். ஒருத்தி சிந்துஜா, ஈரோட்டுக்காரி. மற்றவன் ஜெரோம் பெர்னாண்டோ, தூத்துக்குடியிலிருந்து அங்கே குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. இருவரும் ஒரே ஆஸ்டியோபதிக் கல்லூரியில் நான்காம் ஆண்டு. மற்ற மருத்துவ மாணவர்கள் படிப்பதையெல்லாம் இவர்களும் படிக்கிறார்கள். கூடவே எலும்பையும் தசையையும் கையால் அழுத்திச் சரிசெய்யவும் கற்கிறார்கள். படிப்பை முடித்தால் சட்டப்படி முழு மருத்துவர்கள்தான். பிரிவுத் தலைவர் டாக்டர் ஹால்புரூக்குக்கு மட்டும் இவர்கள் அரை மருத்துவர்கள்.

முதல் நாளே இருவரையும் எதிரே நிறுத்திச் சொன்னார்: "முதுகு பிடித்துவிடும் கூட்டத்திலிருந்து வருடத்துக்கு ஒருவரைத்தான் எடுப்பேன். ஒரு மாதம் வேலை செய்யுங்கள். ஒருவர் தங்கலாம். ஒருவர் கிளம்பலாம்."

நான்கு வருடம் ஒரே டப்பாவில் பங்கிட்டுச் சாப்பிட்டவர்கள், அன்றிலிருந்து ஒருவர் போடும் தையலை மற்றவர் ஓரக்கண்ணால் அளக்க ஆரம்பித்தார்கள்.

நான்காவது வாரம், திங்கள்கிழமை மதியம். கட்டுத்துணி எடுக்கச் சிறிய சாமான் அறைக்குள் போன சிந்துஜா, ஜெரோம் தரையில் கிடந்து கைகால் வெட்டி இழுப்பதைப் பார்த்தாள். வலிப்பு. அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். தன் கோட்டை மடித்துத் தலைக்குக் கொடுத்தாள். கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். இரண்டு நிமிடத்தில் நின்றது. பேச்சு வரக் கால் மணி நேரம் ஆயிற்று.

"யார்கிட்டயும் சொல்லிடாத, சிந்து."

"எத்தனை நாளா இருக்கு இது?"

"பதினஞ்சு வயசுலேருந்து. மாத்திரை போட்டா வராது. ஆனா போட்டா மந்தமா இருக்கு. இந்த ஒரு மாசம் மட்டும் நிறுத்தி வச்சேன்."

"ஊசியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற வேலைடா இது."

"இன்னைக்கே மாத்திரையை ஆரம்பிச்சிடறேன். என் டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் தையல் பக்கமே போகமாட்டேன். அம்மா மேல சத்தியம்."

அந்தச் சத்தியத்தை நம்பி, வாயைத் திறப்பதில்லை என்று அவளும் வாக்குக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை ஜெரோம் மூன்று பேருக்குத் தையல் போட்டான். சிந்துஜா பக்கத்துப் படுக்கையருகே நின்றிருந்தாள். அவன் ஒருமுறை நிமிர்ந்து அவளைப் பார்த்தான், உடனே குனிந்துகொண்டான். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை மதியம் ஹால்புரூக் இருவரையும் கூப்பிட்டார். "நாளை மறுநாள் பெயரை எழுதி அனுப்பிவிடுவேன். ஜெரோமின் கை நன்றாக இருக்கிறது. சிந்துஜா, நீ வேறு ஊர் பார்த்துக்கொள்."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மார்லீன் என்ற பெண் வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். பனியில் வழுக்கி விழுந்ததில் இடது புருவம் பிளந்திருந்தது. அவளுக்குத் தையல் போட ஜெரோமை அனுப்பினார்கள். அதே நேரத்தில் சிந்துஜா ஹால்புரூக்கின் அறையில், திங்கள்கிழமை நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் முகத்தில் வியப்பே இல்லை.

"அந்த அறைக் கதவில் கண்ணாடி இருக்கிறது. அன்றைக்கே நானும் பார்த்தேன்."

"பார்த்துமா அவனைத் தையல் போட விட்டீர்கள்?"

"நீ எப்போது வருவாய் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். செவ்வாய் வரவில்லை. புதன் காலையும் வரவில்லை. இடம் கைவிட்டுப் போகிறது என்றதும் வந்துவிட்டாய்." அவர் சிரித்தார். "பரவாயில்லை. இந்த வேலையில் உன்னைப் போன்றவர்கள்தான் நிலைப்பார்கள்."

"சார், இப்போதும் அவன் உள்ளே தைத்துக்கொண்டிருக்கிறான்."

"தெரியும். உட்கார்."

அவள் உட்கார்ந்தாள். அவளைப் பற்றிய சிபாரிசுக் கடிதத்தில் என்ன எழுதலாம் என்று அவர் பேச ஆரம்பித்தார். இரண்டு நிமிடம் போயிருக்கும். வெளியிலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது.

ஜெரோமுக்குத் தையலின் நடுவே வலிப்பு வந்துவிட்டது. ஊசி மார்லீனின் இடது கண்ணுக்குள் இறங்கியிருந்தது. மூன்று மணி நேரம் அறுவை சிகிச்சை செய்தும் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

தெளிந்து எழுந்த ஜெரோம் தன் கையுறையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தான். "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டான். சிந்துஜாதான் பக்கத்தில் போய் மார்லீனின் கண்ணைப் பற்றிச் சொன்னாள்.

"உன் வலிப்பைப் பத்தி ஹால்புரூக்கிட்ட நான் சொல்லிட்டேன், ஜெரோம்."

"எப்போ?"

"இன்னைக்குக் காலையில."

அவன் கையுறையைக் கழற்றினான். "செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கலாமே," என்றான்.

விசாரணை நடந்தது. தனக்கு வியாழக்கிழமை காலையில்தான் விஷயம் தெரியும் என்றார் ஹால்புரூக். சிந்துஜா அதை மறுக்கவில்லை. ஜெரோமைக் கல்லூரி நீக்கியது. சிந்துஜாவுக்கு இடம் கிடைத்தது. மார்லீனால் பேருந்து ஓட்ட முடியாமல் போயிற்று. தன் கண்ணைப் பறித்தவன் என்று அவளுக்குத் தெரிந்த பெயர் இன்றுவரை ஒன்றுதான்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். நோயை மறைத்து ஊசியைத் தொட்டவன், தெரிந்தும் மூன்று நாள் பேசாதிருந்தவள், பார்த்தும் வேடிக்கை பார்த்தவர்: இந்த மூவரில் அந்தக் கண்ணுக்குப் பெரும் பொறுப்பு யாருடையது?

விடை: ஹால்புரூக்குடையது. ஜெரோமின் கண்ணை ஆசை மறைத்தது. வலிப்பு வராது என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டான். சிந்துஜாவை முதலில் வாக்கு கட்டியிருந்தது. ஹால்புரூக்குக்கு வாக்கும் இல்லை, இழக்க ஒன்றும் இல்லை. ஒரு சொல்லில் நிறுத்தக்கூடிய அதிகாரம் மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நோயாளிகளின் உடம்பில் இரண்டு மாணவர்களுக்குப் பரீட்சை நடத்தினார். அடுத்தது சிந்துஜா. செவ்வாய்க்கிழமை அவன் ஊசியை எடுத்தபோதே அவளுடைய வாக்கும் முறிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் காத்தது நட்பை அல்ல. அதைவிட, உட்கார் என்றதும் உட்கார்ந்தாளே, அந்த இரண்டு நிமிடத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. மூன்றாமவன் ஜெரோம். தண்டனை கிடைத்தது அவனுக்கு மட்டும்.