கடைசியில் நடப்பவர்

மலையேற்றக் குழுவில் முன்னால் நடப்பவருக்குப் பாதை தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் நடப்பவருக்கு ஒரே ஒரு விதிதான். எல்லோரையும்விட மெதுவாகப் போகிற ஆளை அவர் தாண்டக் கூடாது. அந்த ஆள் நின்றால் நிற்க வேண்டும், உட்கார்ந்தால் உட்கார வேண்டும்.

மாசிலாமணிதான் அந்தக் கடைசி ஆள். வருஷக் கணக்காக லாரி ஓட்டியவர். முன்னால் போகிற வண்டியைக் கண்டாலே ஹாரனில் கை வைத்துப் பழகியவருக்கு, இமயமலையில் வந்து இப்படி ஒரு வேலை. வழிகாட்டியாகக் கற்றுக்கொள்ள அவர் உமையாளிடம் சேர்ந்திருந்தார். உமையாள் அவரைவிட வயதில் சிறியவர், அவரை அண்ணே என்பார். மாசிலாமணியோ அவரை அம்மா என்பார். குரு என்றால் குருதானே.

அந்தப் பருவம் முழுக்க அதே பாதை, அதே ஈரக் கூடாரம், அதே சேமியா உப்புமா. வாரம் ஒரு புதுக் குழு வரும். “இன்னும் எவ்வளவு தூரம்?” என்ற பழைய கேள்வியையே கேட்கும். மாசிலாமணிக்குச் சலித்துவிட்டது. ஒரு நாள் காலையில் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

“அம்மா, இந்த அலுப்பு எப்பம்மா போகும்?”

“எந்த அலுப்பு?”

“கால் அலுப்புன்னா படுத்துத் தூங்கினா போயிடும். இது மனுசங்களைப் பார்த்து வர்ற அலுப்பு.”

உமையாள் மடித்துக்கொண்டிருந்த கூடாரத்தின் மறுமுனையை அவரிடம் நீட்டினார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்தார்கள்.

அன்று அவர்கள் கணவாய்க்குக் கீழே உள்ள முகாமுக்கு ஏற வேண்டும். குழுவிலேயே மெதுவாக நடப்பவர் தூத்துக்குடி ஜெசிந்தா. பத்தடி நடப்பார், நிற்பார், திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். மாசிலாமணியும் பதிலுக்குச் சிரிப்பார். நேரம் ஆக ஆக அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் பல்வலி மாதிரி ஆகிவிட்டது. மேகம் இறங்கியது. முன்னால் போனவர்கள் கண்ணிலிருந்தே மறைந்துவிட்டார்கள்.

“பையை இப்படிக் குடுங்கம்மா,” என்றார்.

“ஐயோ, வேண்டாம் அண்ணாச்சி.”

“பரவாயில்ல, குடுங்க.”

பை கைமாறியதும் ஜெசிந்தா வேறு ஆளாகிவிட்டார். நிற்கவே இல்லை. முன்னால் போனவர்களை எட்டிப் பிடித்து, சிலரைத் தாண்டியும் போனார். மழைக்கு முன்பே முகாம் வந்துவிட்டது. இந்தப் பருவத்திலேயே இன்றுதான் உருப்படியாக ஒரு வேலை செய்தோம் என்று மாசிலாமணி நினைத்துக்கொண்டார்.

டீ வரும்போது ஜெசிந்தாவுக்குத் தலை வெடிப்பதுபோல் வலித்தது. பிறகு வாந்தி. உமையாள் தன் கைத்தடியால் தரையில் ஒரு கோடு கிழித்து, அதன் மேல் நடக்கச் சொன்னார். ஜெசிந்தாவால் முடியவில்லை. குடித்தவரைப் போலத் தள்ளாடி உட்கார்ந்துவிட்டார். காற்று மெலிந்த உயரத்தில் அவசரமாக ஏறினால் இப்படி ஆகும். உடனே கீழே இறக்காவிட்டால் உயிர் நிற்காது.

“இவங்க பையை யார் தூக்கினது?” என்றார் உமையாள்.

“நான்தாம்மா. பாவமா இருந்துச்சு.”

“யாரைப் பார்த்து?”

மாசிலாமணி குனிந்து ஜெசிந்தாவைத் தூக்கி நிறுத்தினார்.

மற்றவர்களை உள்ளூர் வழிகாட்டி கோபிந்திடம் ஒப்படைத்துவிட்டு, இருவரும் ஜெசிந்தாவை இறக்கினார்கள். கோவேறு கழுதை போகும் இடத்தில் கழுதைமேல், போகாத இடத்தில் மாசிலாமணியின் முதுகில். ஜெசிந்தா ஏதேதோ உளறினார். இறந்துபோன தன் அம்மாவோடு பேசினார். மாசிலாமணி பயந்தே போனார். வழி முழுக்க, பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று அதையே காது கொடுத்துக் கேட்டபடி இறங்கினார்.

கீழே புல்வெளி முகாமில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருந்தது. விடிந்தபோது ஜெசிந்தா கண் திறந்து, தண்ணீர் கேட்டார். பிறகு காபி கேட்டார். காபி கேட்டதும்தான் மாசிலாமணிக்கு மூச்சு வந்தது. கண்ணில் நீர் முட்டியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“ஏன்மா அப்படி ஓடினீங்க?” என்று கேட்டார்.

“வெக்கமாப் போச்சு அண்ணாச்சி. எனக்காக நீங்க சுமக்கறீங்க. இதுக்கு மேலயும் நின்னா நல்லாவா இருக்கும்?”

மாசிலாமணி எழுந்து வெளியே வந்தார். உமையாள் ஓடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மாசிலாமணி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு சொல்லிவிட்டார்.

“நான் ஊருக்குப் போறேம்மா. எனக்கு இந்த வேலை சரிப்படாது.”

“ஏன்?”

“அந்தம்மாவைப் பார்த்து எனக்குப் பாவமா இல்ல. எனக்குத்தான் அவங்க பின்னாடி நின்னு நின்னு அலுத்துப்போச்சு. சீக்கிரம் போய்ச் சேரணும்னுதான் பையை வாங்கினேன். அதுக்குப் பெரிய மனுசன் மாதிரி ஒரு முகத்தை வச்சுக்கிட்டேன். கொஞ்சம் தப்பியிருந்தா ஒரு உசுரு போயிருக்கும்.”

உமையாள் பாத்திரத்தை அலசிக் கவிழ்த்தார்.

“அலுப்பு வந்ததுக்கா ஊருக்குப் போறீங்க?”

“உங்களுக்கு வராதாம்மா?”

“வராம என்ன. தினமும் வரும்.”

“வந்தா என்னதான் செய்வீங்க?”

“கூட நடக்கறவங்களைக் கூப்பிட்டு, ‘எனக்கு முடியல, கொஞ்சம் உக்காரலாமா?’ன்னு கேப்பேன்,” என்றார் உமையாள். “இதுவரைக்கும் ஒருத்தர்கூட வேண்டாம்னு சொன்னதில்லண்ணே.”